தூரத்தில் இல்லாத என் கேலக்ஸி

மூன்று வருடங்களுக்கு முன் பொங்கல் விடுமுறைக்கு போர்ட் பிளேரில், மரைன் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். தீவிலிருந்து கடல் கடந்து மெயின்லேண்டில் வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நேரம். பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்தில், மிகமிகத் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் எப்படி உருவாயின என்று பார்ப்பதுதான் என் வேலை. அப்படி ஒரு கேலக்ஸி தொலைநோக்கிப் படத்தில் எனக்குச் சிக்கியிருந்தது. அந்தக் காலத்துக்கு நம்பவே முடியாத வேகத்தில் அது நட்சத்திரங்களை உருவாக்குவதாகத் தெரிந்தது. கட்டுரை எழுதி முடித்தாயிற்று, அனுப்புவதுதான் பாக்கி.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அவரிடம் சொன்னதுதான் தாமதம், கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டி முழுக்கச் செய்தி போய்விட்டது. ஞாயிறு காலை பாராட்டு விழா என்று எங்கள் பகுதித் தமிழர்கள் ஹால் பிடித்து, பேனரும் அடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, அந்தக் கேலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எடுத்த புதுத் தரவு வந்தது. மூன்று முறை கணக்குப் போட்டேன். விடை மாறவே இல்லை. ரொம்பத் தொலைவில் இருப்பதன் ஒளி சிவந்து தெரியும். பக்கத்தில் இருப்பதும் தூசி மறைத்தால் சிவந்துதான் தெரியும். என்னுடையது தூசி மூடிய, அதைவிட எவ்வளவோ பக்கத்தில் இருக்கும் கேலக்ஸி; அதனால் நான் கணக்கிட்ட வேகமும் தப்பு. அந்தச் சந்தேகம் எனக்கு முன்பே வந்ததுதான். ஆசையில் அதைத் தள்ளி வைத்திருந்தேன்.

கட்டுரையை நிறுத்திவிடலாம் என்று பேராசிரியருக்கு எழுதிவிட்டு அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேனேம்மா" என்றார். "ப்ரோக்ராம் முடியட்டும். பாத் மே, அப்புறமா சொல்லிக்கலாம்."

"தப்புன்னு தெரிஞ்சும் அவங்க போர்த்துற சால்வையைப் போட்டுக்கிட்டு நான் திரும்ப லேபுக்குள்ள போக முடியாதுப்பா."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்க என்னிடம் பேசவும் இல்லை.

ஞாயிறன்று மைக்கை வாங்கி முதல் வார்த்தையாக, "நான் கண்டுபிடிச்சது தப்பு" என்றேன். எங்கே தப்பு செய்தேன் என்று படம் போட்டு விளக்கினேன். முன் வரிசையில் இருந்த கான்ட்ராக்டர் ஒருவர், "அச்சா, அப்போ அவ்வளவு தூரத்துல ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கேட்டார். இருக்கிறது, இன்னும் தேடுகிறோம் என்றேன். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. சாப்பாடு ஆறிப்போனது. சால்வையை அந்தக் கான்ட்ராக்டரே வந்து போர்த்திவிட்டார். அப்பா கடைசி வரிசையில் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அப்பா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார். கொடுக்க ஜெட்டிக்குப் போனபோது, முதுகைக் காட்டி நின்று, கூட வேலை பார்க்கும் பெங்காலிக்காரரிடம் ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் பார்க்கவில்லை.

"கண்டுபிடிச்சதும் என் பொண்ணு. அது தப்புன்னு கண்டுபிடிச்சதும் என் பொண்ணுதான். வேற யாரும் இல்ல" என்றார்.

உண்மையிலேயே மிகத் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளைப் பற்றி இப்போது என் பெயரில் இரண்டு கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனாலும் நானும் ஒரு ஆராய்ச்சியாளர்தான் என்று முதன்முதலாக நிமிர்ந்து நடந்தது, அன்று அந்த ஜெட்டியிலிருந்து வீடு திரும்பும்போதுதான்.