தராசில் ஏறாத கூடை

நம் ஊரில் நெல் ஒரு படியும் படிதான், ஐம்பது படியும் படிதான். 'ஐம்பது படிகள் கொடுங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே இலங்கையில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் துரைக்கு இங்கிலீஷில் எழுதும்போது ஒரு ராத்தல் 'பவுண்ட்', இரண்டு ராத்தல் 'பவுண்ட்ஸ்'. அதே இரண்டு ராத்தலைக் 'கழிவு' என்ற சொல்லுக்கு முன்னால் வைத்தால் மறுபடி 'பவுண்ட்'. அந்த 'ஸ்' எப்போது வரும், எப்போது போகும் என்பது துரைமாருக்கே வெளிச்சம். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டான் என்று நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். எங்கள் பங்களாவுக்கு அந்தப் பத்திரிகை வருவதில்லை போலும்.

தஞ்சாவூர்ப் பள்ளியில் இந்த 'ஸ்'ஸுக்காகவே பெஞ்சு மேல் ஏறி நின்றவன் நான். அந்தத் தகுதியில்தான் இங்கே கிளார்க் உத்தியோகம் கிடைத்தது. போன மாதம் கொழுந்து பறிக்கும் மாரியாயி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, தராசுத் தட்டுல கொழுந்த மட்டுந்தாங்க கொட்டுறோம். கூடை தரையில கெடக்குது. அந்தக் கூடைக்குன்னு ரெண்டு ராத்தல் வெட்டுறாங்களே, இது என்னங்க ஞாயம்? தொரைக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

பதினாறு ராத்தல் இருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் வேலை. குறைந்தால் அரைப்பேர். அரைப்பேராகவே விழுந்துகொண்டிருந்தால் ஆளைப் பதிவிலிருந்து நீக்கி, குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் பிடுங்கிக்கொள்வார்கள். அவளுக்கோ எழுந்து நடக்க முடியாத புருஷன்.

எழுதினேன். மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு 'ஸ்' அடிக்கப்பட்டிருந்தது. வேறு பதில் இல்லை. வெட்கக்கேடு, எனக்கு முதலில் மானம் போனது அந்த 'ஸ்'ஸுக்காகத்தான்! திருத்தி, அழகாகப் பிரதி எடுத்து மறுபடி அனுப்பினேன். 'குட்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார் துரை.

அன்று சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். மாரியாயியின் கொழுந்து தட்டில் இருந்தது. "பதினாலு" என்றார் நிறுத்துப் பதிகிற கணக்கப்பிள்ளை. அவள் நகரவில்லை.

"கிளாக்கரையா, நீங்க படிச்சவங்க. முள்ளு எதுல நிக்கிதுன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

முள் பதினாறில் அசையாமல் நின்றது. பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளையும் பார்த்தார். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"முள்ளு இன்னும் ஆடுது" என்றேன்.

"ஆடுறது முள்ளு இல்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் அவளுடைய காம்பராவுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். இப்போது நான் லயத்துப் பக்கம் போனால் வாசலில் இருப்பவர்கள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். பங்களாவில் எனக்கு நாற்காலி என்றைக்குமே கிடையாது. நீங்கள் வேறு, 'துரைக்குப் பக்கத்திலேயே உத்தியோகமாமே' என்று பெருமையாகக் கேட்டு எழுதுகிறீர்கள்.