ஒரு வாரம் பேசக்கூடாது

வாயில் பஞ்சைக் கடித்தபடி மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது பல் பிடுங்கிய இடம் எனக்கு வலிக்கவில்லை. டாக்டர் சொன்னதுதான் உறுத்திக்கொண்டே வந்தது. "இன்னிக்கு ஒரு நாள் ரொம்பப் பேசாதீங்கம்மா. நாளைலேர்ந்து எப்பவும்போல பேசலாம்." பன்னிரண்டு வருடங்களுக்கு முன் என் மாமியாருக்குக் கடைவாய்ப் பல் எடுத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். மாமியார் உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார்; வெளியே வந்து சொன்னது என்னிடம் மட்டும். வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம் சொன்னேன்: "ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாதாம் அத்தை. திறந்தா புண் பிச்சுக்குமாம்."

மாமியார் திருநெல்வேலிக்காரர். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். என்னைக் குறை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. "ஏளா, இது கொழம்பா, கை கழுவுன தண்ணியா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்பார். அவருடைய நல்லதுக்காகச் சொன்னேன் என்று இப்போது கதைவிட மாட்டேன். மூன்று நாள் வீடு சொர்க்கமாக இருந்தது. கஞ்சியை வேண்டுமென்றே உப்பில்லாமல் கொடுத்தேன். சைகையில் உப்பு கேட்டார். புரியாதவள்போல் சர்க்கரை டப்பாவை எடுத்து நீட்டினேன்.

நான்காம் நாள், ஊரில் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த அவருடைய ஒரே தம்பி போன் செய்தார். புண் ஆறியதும் போய்ப் பார்ப்பதாக மாமியார் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். "எக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா. உன் சத்தத்தக் கேக்கணும்போல இருக்கு." மாமியார் என்னைப் பார்த்தார். ஒற்றை விரலை உயர்த்தி, ஒரே ஒரு வார்த்தை பேசட்டுமா என்று கண்ணாலேயே கெஞ்சினார். இருபது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் அனுமதி அது. பேசி ஒன்றும் ஆகவில்லையென்றால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். கூடாது என்று தலையாட்டினேன். போனைப் பார்த்து "ம்... ம்..." என்று முனகிக்கொண்டே அழுதார். மறுநாள் தம்பி இறந்துபோனார். சேதி கேட்டு மாமியார் தெருவுக்கே கேட்கும்படி கதறினார். புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை; துக்கத்தில் அதை அவர் கவனிக்கவும் இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. எனக்குப் பல் எடுத்து இன்று மூன்றாம் நாள். கை நடுங்க நடுங்கக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு, "வாயத் தொறக்காதளா" என்று பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருக்கிறார். காலையில் பெங்களூரிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். போனை மாமியாரே வாங்கிக்கொண்டார். "ஏட்டி, ஒங்கம்ம ஒரு வாரம் பேசக் கூடாதுல்லா. சாகக் கெடந்த என் தம்பிகிட்டயே நான் பேசலியே. ஒங்கம்மதான் தடுத்தா. என் மேல அவ்வளவு அக்கறை அவளுக்கு."

நேற்றிலிருந்தே எனக்கு நன்றாகப் பேச வருகிறது. உண்மையைச் சொன்னால் இந்த வயதில் அவர் தாங்கமாட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய், எனக்குத்தான் தைரியமில்லை. மீதி நான்கு நாளும் பேசாமல்தான் இருக்கப் போகிறேன்.