செவலை தின்ன தட்டு

அந்த அலுமினியத் தட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. ஓரத்துல ஒரு பல்லுப் பட்ட தடம். எங்கப்பாவுக்குத் தெரியாம ஒரு நாய்க்கு அதுல சோறு போட்டேன். அப்பா செத்து இன்னும் முப்பது நாளாகல. அவர்கிட்ட சொல்லாதத இப்ப எழுதுறேன்.

அப்பா ஆட்டுக்கிடை போடுறவரு. அறுப்பு முடிஞ்ச வயல்ல செம்மறியாடுகள அடைச்சு வச்சா புழுக்கையெல்லாம் வயலுக்கு உரமாகும். கிடைக்கு ஒரு மந்தை நாய் உண்டு. எங்க தாத்தா காலத்துலயிருந்து ஒரே வயித்து வழி, கடேசியா வந்தது செவலை. பொட்டை. அகலத் தல, கட்டையான கழுத்து. கண்ணு தொறக்கும் முன்னயே அதத் தூக்கி, குட்டி போட்ட ஆட்டு மடியில ஊட்ட விட்டாரு. ஆட்டுக்கு நடுவுல தூங்கணும், கேப்பக்கூழும் அங்கதான், பனையோலப் பட்டையில. காதுக்குள்ள உண்ணி பிடுங்கி வேப்பெண்ண தடவுவாரு, ஆனா கொஞ்ச மாட்டாரு. "வீட்டுச்சோத்து வாசம் பிடிச்சா கிடைய மறந்துரும்"னு எங்களுக்கு ஒரே கட்டளை. ஆட்ட அது குரைச்சு வெரட்டாது. குறுக்க போயி நிக்கும், ஆடு தன்னால திரும்பும்.

அந்த வருசம் கிடை அமராவதிபுதூர்ல எங்க வீட்டுக்குப் பக்கத்து வயல்லயே கெடந்துச்சு. எனக்குப் பத்து வயசு இருக்கும், மூணாப்போட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. மத்தியானம் அப்பா ஆடுகள மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போயிருவாரு. எளம் ஆட்டுக்குட்டிக படல் அடைப்புக்குள்ள கெடக்கும், செவலை காவல். நான் தண்ணிக்குப் போற சாக்குல கருவாட்டுக்கொழம்புச் சோறு கொண்டுபோவேன். என்னையப் பாத்ததும் அது வாலு லேசா ஆடும். அதுக்காகத்தான் போனேன். வேற யாரும் என்னையப் பாத்து அப்படிச் சந்தோசப்பட்டதில்ல.

ஒருநாள் எனக்குக் காச்சல், போகல. உச்சி வெயில்ல செவலை எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. அடிச்சு வெரட்டியிருக்கணும். தட்டுல சோறு வச்சு, கழுத்தக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். அந்த நேரம் ஊர்நாய்க படலுக்குள்ள பூந்துருச்சு. ஏழு குட்டி செத்துச்சு.

அப்பா வந்து கேட்டாரு. "ஏத்தா, இதுக்கு நீ எதுவும் போட்டியா?"

"இல்லப்பா."

அவரு திருப்பிக் கேக்கல. செவலையக் கோட்டையூர்ல ஒரு பெரிய வீட்டுக் காவலுக்குக் குடுத்துட்டாரு. பின்னால ஒருதடவ பஸ்ஸுல போறப்பப் பாத்தேன். ரோட்டுல ஆடு போச்சு. செவலை சங்கிலி நீளுற மட்டும் ஓடிவந்து குறுக்க நின்னுச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

அப்புறம் அப்பா நாயே வளக்கல. கூடக் கிடை போடுற சித்தப்பா சண்டைக்கே வருவாரு. "ஒரு குட்டி தாரேன், வளங்கண்ணே. நாயில்லாத கிடையில நீங்களா குரைக்கப் போறீக?"

"குரைச்சுக்கிறேன்டா. என் வளப்பு சரியில்ல"ன்னு சிரிப்பாரு. அத்தன வருசமும் பனியில அவரே காவல் கெடந்தாரு. நெஞ்சுச் சளிதான் அவரக் கொண்டுபோச்சு.

கருமாதியன்னிக்குச் சித்தப்பா எங்கிட்ட சொன்னாரு: "யாரோ சோறு போட்டுப் பழக்கிட்டாகன்னு நான் சொன்னேன்த்தா. அண்ணன் கேக்கல. 'எம்மகளக் கேட்டேன், இல்லைன்னுருச்சு, அது பொய் சொல்லாது, அப்பத் தப்பு எங்கிட்டதான்'னாரு."

பொம்பளைக பாத்திரம் கழுவ அள்ளிட்டுப் போனாக, இந்தத் தட்ட மட்டும் யாரையும் தொட விடல. சாம்பலு போட்டு நானே தேச்சேன். பல்லுத் தடம் போகல. இப்பவும் அதுலதான் திங்கிறேன்.