முழங்காலுக்குக் கீழே நான்கு விரல்

அம்மாவின் வயிற்றில் இருந்தது வாய்வு என்று ஊரே கூடித் தீர்மானித்திருந்தது. விடத்தல்தீவில் அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் வேறு எதுவும் வர வழியில்லை. பெண்களுக்கு வந்தால் வாய்வு, ஆண்களுக்கு வந்தால் சாராயம். இரண்டுக்கும் மருந்து உள்ளி என்கிற வெள்ளைப்பூண்டு. சுட்ட உள்ளி, அவித்த உள்ளி, தேனில் ஊறிய உள்ளி என்று அம்மா தின்று தீர்த்ததற்கு ஒரு தோட்டமே காலியாகியிருக்கும். எங்கள் வளவில் உள்ளித்தோல் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கும். அப்பா கடலுக்குப் போகுமுன் தானே அடுப்பை மூட்டி உள்ளி அவித்து, கோப்பையைச் சத்தம் கேட்காமல் அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். அந்த மனுசனுக்கு வேறு விதமாக அன்பைக் காட்டத் தெரியாது.

மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அப்போத்திக்கரி ஐயாவிடமும் காட்டினார்கள். அவர் கதிரையை விட்டு எழும்பாமலே, "எங்கை நோகுது?" என்று கேட்டார். அம்மா கையை வைத்துக் காட்டி முடிக்குமுன் ரோசா நிறத்தில் ஒரு போத்தல் மருந்து வந்துவிட்டது. அது இனித்தது. அம்மாவுக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு மட்டும் அந்த மருந்து மிகவும் பிடித்திருந்தது.

எங்களோடு இருந்த என் மாமி, அதாவது அப்பாவின் அக்கா, மருந்தை நம்புகிறவர் அல்லர். அவருக்கு எல்லாம் நேர்த்திக்கடன்தான். அம்மாவின் நோவு நின்றால், ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வண்டில் கட்டி மடு மாதா கோயிலுக்குப் போய், வெள்ளியில் ஒரு பெண் உருச் செய்து மாதாவின் பாதத்தில் வைப்பதாக வேண்டிக்கொண்டார். மாமி வேண்டினால் மாதா கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று எனக்கு உறுதியாக இருந்தது. மாமியை மறுத்துப் பேசிய யாரையும் நான் அதுவரை கண்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் சீனத்துப் பட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அந்த நாட்களில் சீனாக்காரர் சிலர் கொழும்பிலிருந்து ரயிலேறி, பட்டுத்துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். எங்கள் ஊரில் பட்டு வாங்க ஒருவருக்கும் வக்கில்லை, ஆனால் பார்க்க எல்லோருக்கும் விருப்பம். இவரும் அதைத் தெரிந்துகொண்டே சலிக்காமல் விரித்துக் காட்டிவிட்டு மடித்துக்கொண்டு போவார். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் எல்லோரும் நானா என்போம். அவருடைய கடைக் கொட்டிலில்தான் பட்டுக்காரர் தங்குவார்.

எங்கள் முற்றத்தில் அவர் நீலப் பட்டொன்றை விரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு நோவு வந்தது. வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கிப்போனார். பட்டுக்காரர் துணியை மணலில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அதில் மரியாதைச் சொற்கள் அதைவிடக் குறைவு.

"அக்கா, இரு. நாக்கு நீட்டு."

"ஐயோ மாதாவே!" என்றார் மாமி.

ஆனால் அம்மா நாக்கை நீட்டினார். அவர் பார்த்தார். பிறகு அம்மாவின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். நித்திரை வருமோ? தண்ணீர் விடாய்க்குமோ? கை குளிருமோ? எந்தச் சாப்பாடு பிடிக்கும், எது பிடிக்காது? எங்களுக்கு விசராக இருந்தது. வயிற்று நோவுக்கும் நித்திரைக்கும் என்ன சம்பந்தம்? கடைசியில், "அக்கா அழுறது எந்த நேரம்?" என்று கேட்டார்.

"நான் அழுறேல்லை," என்றார் அம்மா.

அவர் விரலை எடுக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

"விடியப்புறம்," என்றார் அம்மா, சின்னக் குரலில். "இவர் கடலுக்குப் போனாப் பிறகு."

மாமி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எங்கிருந்தோ ஒரு பட்டுக்காரர் வரவேண்டியிருந்தது.

மூட்டைக்குள்ளிருந்து மூங்கில் குழாய் ஒன்றை எடுத்தார். அதற்குள்ளே மயிர் போல மெல்லிய ஊசிகள். துடைப்பதற்குச் சாராயம் கேட்டார். பக்கத்து வளவுக்காரர் அதைக் கேட்ட உடனேயே போத்தலோடு வந்து நின்றார், துடைத்து மீந்தால் வீணாகக் கூடாது என்ற கவலை அவருக்கு. பட்டுக்காரர் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தன் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்து அளந்து, எலும்புக்கு வெளிப்பக்கமாக ஓரிடத்தைத் தொட்டார்.

"வயிறு இஞ்ச கிடக்கு, இந்த மனுசன் காலைத் தேடுது," என்றார் மாமி.

ஊசி இறங்கியபோது மாமிக்கு அடுத்த பயம் பிடித்தது. உடம்பில் இரும்பேற்றுவது பாவமோ, பேய்க்காரியமோ, சுவாமியாரிடம் கேட்கவேண்டுமோ என்று தவித்தார். வீட்டுச் சுவரில் செபஸ்தியாரின் படம் இருந்தது. மரத்தில் கட்டுண்டு, உடம்பெல்லாம் அம்பு ஏறி, முகத்தில் மட்டும் நோவே இல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருப்பார். மாமி அந்தப் படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அவருக்கு அம்பெண்டால் எங்களுக்கு ஊசி," என்று தானே தீர்ப்புச் சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குள் அம்மா நித்திரையாகியிருந்தார். பட்டப்பகலில் அம்மா நித்திரை கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். முற்றத்தில் நீலப் பட்டின்மேல் கோழி ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பட்டு ஒரு சாட்டுத்தான். பட்டுக்காரர் வருகிறார் என்றால் ஊரில் உள்ள நோவெல்லாம் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். நானாவின் இடுப்பு, வலை இழுத்து இழுத்துத் தூக்க முடியாமல் போன ஒருவரின் தோள், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நித்திரை தொலைத்த ஒரு பெண். தலைக்கு வந்தவருக்குக் கையில் குத்தினார், இடுப்புக்கு வந்தவருக்கு முழங்காலின் பின்பக்கம் குத்தினார். எல்லோரிடமும் சாப்பாடு, நித்திரை, கோபம், கவலை என்று வீட்டுக் கதை முழுவதையும் கேட்டார். உடம்பைக் காட்ட வந்தவர்கள் மனதையும் கொட்டிவிட்டுப் போனார்கள். நானா இடுப்பைப் பிடிக்காமல் தொழுகைக்குப் போனார். மாமியின் தலைவலி போனதோ இல்லையோ, கையில் ஊசி ஏறியிருந்த நேரம் முழுக்க மாமி வாய் திறக்கவில்லை. அதுவே வீட்டில் எல்லோருக்கும் பெரிய சுகமாக இருந்தது.

அம்மா எழும்பி நடந்தார். கஞ்சிக்குப் பதிலாகச் சோறு தின்றார். அப்பா உள்ளி அவிப்பதை நிறுத்தினார். கிழிந்த வலையைப் பொத்தும்போது அவர் பாட்டு முணுமுணுப்பதைக் கேட்டு, "இவனுக்குப் பாட்டும் வருமோ?" என்று மாமியே அதிசயப்பட்டார்.

ஒரு நாள் பட்டுக்காரர் ஊசிக் குழாயைத் திறக்காமலே நெடுநேரம் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கை, பிறகு மற்றக் கை. அம்மாவைப் பாயில் படுக்கச் சொல்லி, விலா எலும்புக்குக் கீழே மெல்ல அமத்திப் பார்த்தார். அவருடைய முகம் எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது, ஆனால் கை மட்டும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அம்மா என்னைத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார். நான் கேத்தலோடு திரும்பி வந்தபோது காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"ஊசி நோவு எடுக்கும். வருத்தம் எடுக்காது."

"நோவை எடுத்தாக் காணும், அது போதும்," என்றார் அம்மா.

பட்டுக்காரருடைய தமிழ் குறைத் தமிழ், பாவம், சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியை ஊற்றினேன். நோவு போனால் வருத்தமும் போனதுதானே, நோவில்லாமல் நோய் ஏது? யாழ்ப்பாணத்துப் பெரிய ஆசுபத்திரிக்கு உடனே போ என்று அவர் மன்றாடியதும், போனால் சுகம் வருமோ என்று அம்மா கேட்டதும், அதற்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததும், எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கியதும், எல்லாம் முடிந்த பிறகு, பட்டுக்காரர் தன்னிடம் சொன்னதாக நானா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "அந்த மனுசன் பாடத் தொடங்கியிருக்கு, அதைக் கெடுக்கேலாது," என்று அம்மா சொன்னாராம்.

ஆடி மாதம் நெருங்கியது. நோவு நின்றுவிட்டது, இனி நேர்த்தியைச் செலுத்தவேண்டும் என்று மாமி ஒற்றைக்காலில் நின்றார். மன்னார்த் தட்டானிடம் வெள்ளி உருவுக்குச் சொல்லியாயிற்று. அம்மாதான் முதன்முதலாக மாமியை மறுத்துப் பேசினார்.

"அடுத்த வருசம் போவம் மச்சாள். இப்ப என்ன அவசரம்?"

"கேட்டது கிடைச்சாப் பிறகு பிந்தக்கூடாது. மாதா தந்ததைத் திருப்பி எடுத்தால் என்ன செய்வாய்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டானிடமிருந்து வந்த அந்தச் சின்ன வெள்ளிப் பெண்ணை வேட்டித் தலைப்பால் துடைத்துத் துடைத்து மினுக்கிக்கொண்டிருந்தார். அம்மா எழும்பிப் போய் வழிக்குச் சேலை மடிக்கத் தொடங்கினார். கிடைக்காத சுகத்துக்கு நன்றி சொல்லப் போகிறோம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் பட்டுக்காரர் வந்து வழமையைவிடக் கூடுதலாக ஊசி ஏற்றினார். போகுமுன் அம்மாவின் பெருவிரலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே அந்த இடத்தில் வைத்து அமத்திக் காட்டினார். பாப்பாமோட்டைப் பக்கமாக அவருடைய சைக்கிள் போய் மறைந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஏனென்று யாருக்கும் தெரியாது.

மடுவுக்குப் போகிற வழி அந்த நாளில் காடுதான். வண்டில் சில்லு வேரில் ஏறி விழும்போதெல்லாம் மாமி செபமாலையைப் பிடித்துக்கொண்டு பாட்டை உரக்க எடுப்பார். அம்மா ஒரு காலை நீட்டிக்கொண்டு, பெருவிரலால் முழங்காலுக்குக் கீழே அமத்தியபடியே வந்தார். கால் விறைத்துவிட்டதாக்கும் என்று நினைத்து நான் அமத்திவிடவோ என்று கேட்டேன். அம்மா என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"இஞ்சதான். இன்னும் கொஞ்சம் பலமாய்."

அமத்தினேன். வண்டில் குலுங்கக் குலுங்க அமத்தினேன். இடையில் அம்மா என் தலையைத் தடவி, "உன்ரை கை நல்ல சூடு பிள்ளை," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் குரங்கு பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோயிலில் அப்பா வெள்ளி உருவைப் பாதத்தில் வைத்துவிட்டு முழந்தாளில் நின்றார். அம்மா பக்கத்தில் முழந்தாளிட்டு, முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி அழுதார். "பார், நன்றிக் கண்ணீர்," என்று மாமி என் காதில் சொன்னார். நானும் கண்ணைக் கசக்கி நன்றி சொன்னேன். திருவிழாக் கடையில் எனக்குக் கண்ணாடி வளையல் கிடைத்தது. உனக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, அம்மா மந்திரித்த மெழுகுதிரி ஒன்று மட்டும் கேட்டார். சாகப்போகிறவர்களின் தலைமாட்டில் கொளுத்துவதற்கென்று எங்கள் வீடுகளில் அப்படி ஒரு திரி வைத்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா அதைக் கொண்டுவந்து, அலுமாரியில் தன் கலியாணச் சேலைக்குள் சுற்றி வைத்தார்.

மாரி தொடங்கியபோது அம்மா மறுபடி பாயோடு கிடந்தார். அப்பா மறுபடி உள்ளி அவித்தார். வாய்வு திரும்பி வந்துவிட்டது என்று ஊர் சொன்னது. நேர்த்தியில் எங்கே பிழை விட்டோம் என்று மாமி தன்னையே கேட்டுக் கேட்டு மெலிந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதை விட்டுவிட்டு அம்மாவின் காலடியில் இருந்தேன். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், எலும்புக்கு வெளிப்பக்கம். கண்ணை மூடிக்கொண்டும் அந்த இடம் எனக்குத் தெரியும்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள், அம்மா தன் கையை என் கையின்மேல் வைத்தார்.

"காணும் பிள்ளை. விடு. இப்ப நோகேல்லை."

அம்மாவின் முகத்தில் சுருக்கமே இல்லை. சுவரில் இருந்த செபஸ்தியாரைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். என் விரல் வென்றுவிட்டது என்று எனக்கு விளங்கியது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மாமிக்குக் கத்திச் சொல்லிவிட்டு, கரைக்கு ஓடினேன். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா! அம்மாக்கு நோவு விட்டிட்டுது!"

"மெய்யாவோ?" என்று எழும்பிய அப்பா, கையில் வலை ஊசியோடேயே ஓடி வந்தார். சிரித்துக்கொண்டுதான் ஓடி வந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். படலையைத் தள்ளி உள்ளே போனால், அலுமாரி திறந்து கிடந்தது. கலியாணச் சேலை நிலத்தில் கிடந்தது. மாமி அம்மாவின் தலைமாட்டில் அந்த மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டிருந்தார். நல்ல சேதி கேட்ட சந்தோசத்தில்தான் மாமி திரி கொளுத்துகிறார் என்று நினைத்து, நான் கைதட்டினேன்.