வயல் வாயுவை அளக்க வந்த டிரோன்

இன்று காலை, இண்டூரில் எங்கள் வயல் பம்புசெட் தொட்டியில் குளித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு டிரோன் வந்து நின்றது.

ஈரப் பாவாடையோடு மோட்டார் ரூமுக்குள் ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு, வரப்பில் நின்று அதை ஓட்டியவரிடம் போனேன்.

"நெல்லு வயல்ல வர்ற மீத்தேன் வாயுவ அளக்கறோங்க. ஆளுங்கள எடுக்கறதில்லீங்க."

"அந்த ஸ்கிரீனக் காட்டுங்க."

தொட்டி, சோப்பு டப்பா, அதன் பக்கத்தில் நான். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்திலேயே நின்று அழிக்கவைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"மண்ணுல சென்சார் நட்டப்பவே உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிட்டோங்க. அவரு சரின்னுட்டாரு."

பட்டா அவர் பெயரில் இருக்கிறது. குளித்தது நான்.

நாளை அவர் குளிக்கும் நேரத்தில் வந்து அளக்கச் சொல்லியிருக்கிறேன். நியாயம்தானே?