அண்ணி ஓட்டிப் பார்த்த ஊர்

மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற ஸ்டியரிங் ஒன்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பத்து நாள் இருந்தது. கறுப்பு ரப்பர் உறை, நடுவில் ஒன்றுக்கும் உதவாத சிவப்புப் பொத்தான், கீழே காலால் மிதிக்க இரண்டு பெடல். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். ஆங்கிலக் கணினிப் பத்திரிகை ஒன்றில் நான் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் ஒரு கார் பந்தய விளையாட்டின் சிடியையும் இந்த ஸ்டியரிங்கையும் கொடுத்து, "நிறை என்ன, குறை என்ன, கட்டம் போட்டு எழுதிடு. பத்து நாள்ல வேணும்" என்றார். அதற்குள்ளாகவே எனக்கு விளையாட்டு என்றால் அலுப்பாகிவிட்டிருந்தது. விளையாடுவதே வேலையானால் அப்படித்தான். காலையில் கணினியைப் போடும்போதே கண் எரியும்.

மல்லேஸ்வரத்து வீட்டில் அப்போது மூன்றே பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் காலை ஏழரைக்கு ஆபீஸ் பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் வருவார். அண்ணி ஆனேக்கல்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கிருந்து தினமும் மொபெட்டில் ஹோசூர் போய், ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். கல்யாணம் முடிந்ததும் மொபெட் அவருடைய தம்பிக்குப் போய்விட்டது. மார்க்கெட்டுக்கு நடை, மற்ற இடங்களுக்கு ஆட்டோ, எப்போதாவது அண்ணனோடு கார். அந்தக் கார் அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வாங்கியது. வெள்ளை நிறச் சின்னக் கார். அப்பா போன பிறகு ஷெட்டில்தான் கிடந்தது. ஞாயிறு காலை அண்ணன் அதை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி உறை போட்டு மூடுவார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேசையைத் துடைக்க வந்த அண்ணி, துணியைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுல ரேஸ் போகாம சும்னே சுத்தலாமா?"

"சும்மாவும் சுத்தலாம் அண்ணி. இந்த கேமோட விசேஷமே அதுதான்னு அட்டையில போட்டிருக்கான்."

நான் அதுவரை அப்படிச் சுற்றிப் பார்க்கவே இல்லை. ஒரு பந்தயம் முடிந்ததும் அடுத்தது, அது முடிந்ததும் இன்னொன்று என்று கடமையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து இடம் கொடுத்தேன். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

கடலோரத்தில் ஒரு பெரிய ஊர், பின்னால் மலை, துறைமுகம், மேம்பாலங்கள். எப்போதும் இரவு. எப்போதும் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஈரமான சாலை, அதில் விளக்குகளின் பிம்பம். அண்ணி அந்த ஊரில் சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த பந்தயக் கார்கள் இடித்துவிட்டுப் போயின. "என்ன ஜனங்கப்பா" என்று சிரித்துவிட்டுப் பச்சை விழுந்ததும் கிளம்பினார். இரண்டு நாளில் என்னைவிட அவருக்கு அந்த ஊர் பழகிவிட்டது. துறைமுகத்துக்கு இறங்கும் சாலைக்கு எங்கள் வீட்டுப் பக்கத்து மார்கோசா ரோட்டின் பெயரை வைத்தார். மலைமேல் போகிற வளைவுகளில் வண்டி எப்படி ஒரு பக்கமாகச் சாய்கிறது, பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே மிதித்தால் எப்படி அடங்குகிறது என்றெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார். நிறை என்ற கட்டத்தை நிரப்ப எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

குறைகளும் அவர் சொன்னவைதான். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் எதிராளி வால் பிடித்தாற்போல் பின்னாலேயே வந்துவிடுகிறான், அப்புறம் நன்றாக ஓட்டி என்ன பிரயோசனம் என்றார். ஐந்து நிமிடம் நிம்மதியாகச் சுற்றவிடாமல், அடுத்த பந்தயத்துக்கு வா வா என்று திரையில் யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். "நம்ம வீட்ல கூப்பிடற மாதிரியே கூப்பிடறாங்க" என்றார். அந்த ஊரில் நடந்துபோக ஒரு ஆள் கிடையாது. நான் அதைக் கவனித்ததே இல்லை. "கடையெல்லாம் லைட் போட்டு வெச்சிருக்கான். ஒருத்தர்கூட ரோட்டைத் தாண்டல. வண்டிய விட்டு எறங்கவும் முடியல. அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய ஊரு?" இதைக் கேட்டு நான் அப்படியே ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டேன்.

விமர்சனம் அச்சானதும் ஆசிரியர் போன் செய்து, இத்தனை நாளில் நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்றார். அண்ணி அதை எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தார். "நான் சொன்னதெல்லாம் இங்கிலீஷ்ல வந்திருக்கே" என்றார் சந்தோஷமாக. கீழே என் பெயர் மட்டும் இருந்தது.

ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுத்த வாரமே அண்ணி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அண்ணனிடம் முன்பு ஒரு தடவை கேட்டு, "இந்த டிராஃபிக்ல உனக்கு எதுக்கு அது?" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்திருந்தது. அதனால் இம்முறை எனக்கு மட்டும்தான் தெரியும். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, மத்தியான வேளைகளில் அலமாரியிலிருந்து சாவியை எடுப்போம். நான் பக்கத்தில் உட்காருவேன். முதலில் எங்கள் தெரு, பிறகு சம்பிகே ரோடு, பிறகு சாங்கி ஏரியைச் சுற்றி. அண்ணி பதற்றமில்லாமல் ஓட்டினார். யாராவது குறுக்கே நடந்தால் வண்டியை நிறுத்தி, அவர் போகும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். ஒருநாள், "இப்படியே ஆனேக்கல் போயி அம்மாவைப் பாத்துட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துடலாம், இல்ல?" என்றார். அடுத்த வாரம் போகலாம் என்றேன்.

அந்த அடுத்த வாரம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து வண்டியை வீட்டுக்குள் திருப்பும்போது எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணி தயங்கினார். "லெஃப்ட்ல நிறைய இடம் இருக்கு, வாங்க வாங்க" என்று சொன்னது நான். இடம் இல்லை. இடது கதவு முழுவதும் கேட் தூணில் உரசி, வெள்ளைப் பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது. இருவரும் இறங்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்தவர். அப்பாவின் கார் என்பதும் சேர்ந்துகொண்டது. அன்று மாலை வந்ததும் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரு எடுத்தது வண்டிய?"

"நான்தாங்க" என்றார் அண்ணி.

"நீயா? யாராவது குறுக்க வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? கூட யாரு இருந்தா?"

நான் கூடத்தில் கணினி முன்னால், இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். காதில் ஹெட்ஃபோன். அதில் சத்தம் எதுவும் ஓடவில்லை. அண்ணனுக்கு நான் படிப்பு முடித்தும் உருப்படியாக ஒரு வேலை தேடாமல் விளையாடிக்கொண்டிருப்பதில் ஏற்கெனவே கோபம். இதுவும் தெரிந்தால் வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. அண்ணி என் பக்கம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"யாரும் இல்லைங்க" என்றார்.

அண்ணன் வெகுநேரம் திட்டினார். டிரைவிங் ஸ்கூலுக்குப் போனது, சொல்லாமல் மறைத்தது, எல்லாம் வெளியே வந்தது. மறுநாளிலிருந்து சாவி அவர் பையில் ஆபீஸ் போய்வந்தது. சில மாதங்களில் காரையும் விற்றுவிட்டார். அண்ணி எப்போதும்போல எனக்குச் சோறு போட்டார், காபி கொடுத்தார். புதிதாக வந்த எந்த விளையாட்டையும் எட்டிப் பார்க்க மட்டும் வரவில்லை. கொஞ்ச நாளில் எனக்கும் வேறு வேலை கிடைத்து, யஷ்வந்த்பூர் பக்கம் தனியாகப் போனேன். பத்திரிகை நின்றுபோனது. நான் எழுதியதில் ஒன்றுகூட இப்போது கையில் இல்லை. தேடவும் தெம்பில்லை.

அண்ணன் ஓய்வுபெற்று, கண்ணில் ஆபரேஷன் ஆனபின், கியர் இல்லாத கார் ஒன்று வாங்கினார். "இது சுலபம், நீயே பழகிக்கோ" என்று அண்ணியிடம் சொன்னாராம். "வேணாங்க, டிரைவர் வெச்சிக்கலாம்" என்றுவிட்டாராம் அண்ணி. போன மாதம் ஒரு மத்தியானம் போனபோது, அண்ணி ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே படுத்திருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு கார்ல கூட இருந்தது நான்தான்னு அண்ணன்கிட்ட நானே சொல்லியிருக்கணும்."

அவர் விரல்கள் நிற்கவில்லை. "சொல்லியிருந்தா மட்டும் சாவியைக் குடுத்திருப்பாரா? ரெண்டு பேருக்கும் திட்டு விழுந்திருக்கும். அவ்ளோதான்."

அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் நாலைந்து கொட்டை பாத்திரத்தில் விழுந்தது.

"திட்டு பெருசில்ல தம்பி. ஒண்டியா நின்னு வாங்கினேன் பாருங்க, அதான்."

உள்ளிருந்து அண்ணன் காபி கேட்டார். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மீதியிருந்த அவரையை நான் பிதுக்கினேன்.