மஞ்சள் கோட்டுக்கு முன்னால்

என் மேசையில் பீங்கானில் செய்த மூன்று குட்டி விமானங்கள் இருக்கின்றன. விரலளவுதான். ஒன்றுக்கு இறக்கை நுனி உடைந்திருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்துகொண்டிருந்த ஒருவர் எனக்காகவே அச்சு எடுத்து, வார்த்து, சுட்டுக் கொடுத்தவை. அவர் சமீபத்தில் இறந்துபோனார். அவரிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். வேலை பார்த்த பள்ளி சிறியது, விமானதளமும் சிறியது. புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் மேலே போவதை நினைத்துத்தான் பயப்படுவார்கள். எனக்குப் பயம் தரையில். ஓடுபாதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிய இடம். ஒருவர் இறங்கிவரும்போது இன்னொருவர் தெரியாமல் அதற்குள் நுழைந்துவிட்டால், இறங்குகிறவருக்கு ஒதுங்க வழி கிடையாது. அதனால்தான் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தரையில் மஞ்சள் கோடுகள் போட்டிருப்பார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அனுமதி வராமல் விமானத்தின் மூக்குகூட அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.

வகுப்பறையின் சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஓடுபாதை வரைந்து, அதற்குப் போகும் வழிகளை வரைந்து, பிள்ளைகளை அதில் நடக்கவிடுவேன். ஒருவன் மூலையில் நாற்காலி மேல் நின்று கோபுரமாக உத்தரவு கொடுப்பான். நடக்கிறவர் அந்த உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ‘ரோஜர்’ என்று சொன்னால் வெளியே அனுப்பிவிடுவேன். காதில் விழுந்தது என்பதற்கு மேல் அந்த வார்த்தையில் ஒன்றுமில்லை. எது விழுந்தது என்று கோபுரத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அனுமதி கிடைத்த பிறகும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். துளி சந்தேகம் வந்தாலும் நின்று, மறுபடி சொல்லும்படி கேட்க வேண்டும். “கேட்டா கௌரவம் கொறையாது. கேக்காம போனா ஆளே கொறையும்” என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அந்த வகுப்பறை வாசலில்தான் அவர் தன் மகளோடு வந்து நின்றார். சட்டைக் காலரில் வெள்ளைத் தூசி இருந்தது. சூளை வேலையை விட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“சாரும் விருத்தாசலம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நம்ம ஊர்ல எந்தப் பக்கம் சார்?”

“ஸ்டேஷன் பக்கங்க.”

“அப்புறம் என்ன சார், பொண்ண எங்க வூட்டுலயே வுட்ட மாதிரி. நான் நிம்மதியா போயிட்டு வரேன்.” கிளம்பப் போனவர் தரையைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டின் மேல் நான் விமானமாக வைத்திருந்த தீப்பெட்டிகளைப் பார்த்தார். “இதென்ன சார், ஏரோப்ளேனா? பத்த வச்சா பறக்குமா?”

மகள் “அப்பா!” என்று அதட்டினாள். நான் சிரித்துவிட்டேன். கொஞ்ச நாளில் வைக்கோல் சுற்றிய ஒரு பார்சல் வந்தது. உள்ளே இந்த மூன்றும் இருந்தன. சக்கரம் முதற்கொண்டு செய்திருந்தார்.

அவள் நல்ல மாணவி. இதை இப்போது சொல்வது எளிது, அப்போது வாய் திறந்து ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும். முழுக்கப் புரியாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டாள். கோபுரத்தில் இருந்தவர் வேகமாகப் பேசுவார். நடுவில் வேறு விமானங்களின் குரலும் குறுக்கிடும். அப்போதெல்லாம் அவள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பாள். நான் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நான் உச்சுக்கொட்டுவேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் அவளை ‘சார் ஊரு பொண்ணு’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து மற்றவர்களிடம் காட்டாத கண்டிப்பை அவளிடம் காட்டினேன். சொந்த ஊர் பாசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நம்மவர்களில் பலர் செய்வதுதான் இது. தன் பிள்ளை படிக்கும் வகுப்பில் தன் பிள்ளையை மட்டும் ஓங்கி அடித்து, தன் நேர்மையை நிரூபித்துக்கொள்ளும் வாத்தியார்களிடம் நானே படித்திருக்கிறேன்.

ஒருநாள் அவள் ஒரே உத்தரவை அடுத்தடுத்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கோபுரத்துக் குரலில் சலிப்பு தெரிந்தது. எனக்கே அவமானமானது போல் இருந்தது. இறங்கி வந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்துச் சொன்னேன்: “உனக்குக் காது குத்துனன்னிக்கு ஊரையே கூப்ட்டு கறிசோறு போட்டிருப்பாங்களே. ஓட்டைய மட்டும் சரியா போடலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு. நான் அதோடு விட்டிருக்கலாம். “இனிமே இவ பேரு ரிப்பீட்டு” என்றேன்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. “டேய், ரிப்பீட்டு வருது. டீ சொன்னா ரெண்டு தடவ சொல்லு” என்று பையன்கள் கத்துவார்கள். போகப்போக அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு கேட்பதே இல்லை. நான் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன். “இப்ப காது நல்லா வேலை செய்யுது” என்று ஒருநாள் பாராட்டவும் செய்தேன். அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சம்பவம் நடந்த அன்று அவள் தனியாகப் பறக்க வேண்டியிருந்தது. நான் விமானங்கள் நிற்கும் திடலில் கையில் ரேடியோவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கும் தெரியும். அவள் மஞ்சள் கோட்டை நெருங்கும்போது கோபுரம் பேசியது. கோட்டுக்கு முன்னால் நில், ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் உத்தரவு. பாதியில் இன்னொரு குரல் குறுக்கே வந்து சொற்களைக் கலைத்துவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “ரோஜர்” என்றாள்.

கோபுரத்தில் இருந்தவர் உத்தரவைத் திருப்பிச் சொல்ல வைத்திருக்க வேண்டும். அவர் இன்னொரு விமானத்தோடு பேசப் போய்விட்டார். அவருடைய தவறு அது. நான் என்ன செய்தேன்? வகுப்பில் அந்த ஒரு வார்த்தைக்காக ஆளை வெளியே அனுப்புகிறவன், அன்று அவள் மறுபடி கேட்காததில் ஒரு சின்னத் திருப்தியோடு நின்றுகொண்டிருந்தேன். இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அவள் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போனாள். இறங்கிவந்த விமானத்தில் என்னைப் போல் ஒரு பயிற்சியாளர் இருந்தார். கடைசி நொடியில் அவர் மேலே இழுத்துவிட்டார். அவள் தலைக்கு மேலே அந்தச் சக்கரங்கள் போனதை நான் பார்த்தேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவள் விமானத்தை விட்டு இறங்கி வரும்போது நேராகத்தான் நடந்து வந்தாள். வந்து, என் முன்னால் நின்று, வாந்தி எடுத்தாள்.

மறுநாள் பள்ளித் தலைவர் அறையில் விசாரணை. நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். “சந்தேகம் வந்தால் நின்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்களா?” என்று தலைவர் என்னைக் கேட்டார்.

“ஒவ்வொரு வகுப்பிலும்.”

“அப்படியானால் இவர் ஏன் கேட்கவில்லை?”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பதில் என்னிடம்தான் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். “அதை அவங்ககிட்டதான் கேக்கணும்” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “தப்பு என்னுதுதான் சார்” என்றாள். அவளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள்.

அழைத்துப்போக அப்பா வந்தார். ரயில்வே பிளாட்பாரத்தில் மகளைப் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். “என்னதான் சார் ஆச்சு? இது வாயே தொறக்க மாட்டேங்குது.”

“நான் சொல்லிக் குடுத்தபடி அவ செய்யலைங்க” என்றேன்.

சட்டப்படி பார்த்தால் பொய் இல்லை. அவர் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “உங்க பேரையும் கெடுத்துட்டா. மன்னிச்சுக்குங்க சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் அந்த ஒரு வரி என்ன செய்திருக்கிறது என்று பார்த்தேன். பேட்டை முழுக்க ‘என் பொண்ணு பைலட்டு’ என்று சொல்லி வைத்திருந்தவர், அவள் திரும்பி வந்த வாரமே விமான அச்சைப் போட்டு உடைத்துவிட்டாராம். அப்பாவும் மகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், ஒரே பட்டறையில்தான் வேலை பார்த்தார்கள். மண் வந்ததா, எண்ணெய் இருக்கிறதா, லோடு போனதா என்பதற்கு மேல் அவர் அவளிடம் பேசுவதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் எழுந்து நிற்பார். “சார் எவ்வளவோ சொல்லிக் குடுத்தாரு. இதுக்குத்தான் குடுத்து வக்கல” என்று அவளுக்குக் கேட்கும்படியே சொல்வார். அவள் எனக்கு டீ கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டு உடனே போக மாட்டாள். கதவோரம் நிற்பாள். நான் குடித்து முடித்துக் கிளம்பும்வரை நிற்பாள். மரியாதைக்கு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இத்தனை வருடப் பீங்கான் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். அவர் கட்டிலில் படுத்துவிட, பட்டறை முழுக்க அவள் பொறுப்பில் வந்தது. ஒருநாள் அவரைப் பார்க்கப் போனவன் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். சூளையில் சரக்கு அடுக்கும் புது வேலைக்காரப் பெண் ஒருத்தி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, எந்த ரேக்கு காஞ்சதுன்ன? நாலாவது தடவ கேக்குறேன், திட்டிடாத.”

“நாப்பது தடவ கேளுக்கா. திட்டுனா நீ அடுத்த தடவ கேக்க மாட்ட. கேக்காம ஈரத்த உள்ள வச்சின்னா வெடிச்சு, பக்கத்துல இருக்கறதையும் சேத்து உடைச்சிடும்.”

“அடியாத்தீ! அப்ப இதா?”

“அது இல்லக்கா, சுவத்தோரம் இருக்குது பாரு, அது.”

என் வாழ்நாளில் எந்த மாணவரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. அன்றே உள்ளே போய் அவரிடம் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார் மாதிரி ஆளு வந்து பாக்குறதே பெருசு” என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு என் நாக்கு எழவில்லை. டீ வந்தது. அவள் கதவோரம் நின்றாள். நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டாள்: “அப்பாகிட்ட ஏதாவது சொல்ல வந்தீங்களா சார்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவள் நகரவில்லை. “நெஜமாவே ஒண்ணும் இல்லீங்களா சார்?”

“இல்லம்மா” என்றேன்.

கண் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் என்ன சொல்வது என்று வரி வரியாக முடிவு செய்துகொண்டு வந்தேன். வேப்பூரில் இறங்கி ஊர் பஸ்ஸுக்காக நின்றபோது போன் வந்தது. அன்று மாலை மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டில் எல்லோரோடும் நானும் நின்றேன். ஊர்க்காரர்கள் எனக்கு முன்னால் இடம் விட்டார்கள், மகளுக்கு வாத்தியார் என்று.

காரியம் முடிந்த பிறகு பட்டறைக்குப் போனேன். அவள் கோப்பைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி முக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை.

“அன்னிக்கு நடந்தது உன் தப்பு இல்லம்மா. கேக்கக் கூடாதுன்னு உன்னப் பழக்குனது நான்தான். விசாரணையில அதச் சொல்லாம விட்டதும் நான்தான்.”

அவள் கையைத் துணியில் துடைத்தாள். “அது எனக்குத் தெரியும் சார்” என்றாள். “அப்பாவுக்குத்தான் தெரியாது.”

அவள் துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

“நான் ஒரே ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். வாத்தியார் மேலயே பழி போடுறியான்னாரு. அதுக்கப்புறம் சொல்லல. நீங்க வர்றப்பல்லாம் இன்னிக்குச் சொல்லிடுவாரு, இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு நின்னுட்டு இருப்பேன்.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளேயிருந்து வேலைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். இவள் திரும்பிப் பதில் சொன்னாள். அவள் மறுபடி கேட்டாள், இவள் மறுபடி சொன்னாள். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டேன்: “அப்பா கடைசியா உங்கிட்ட ஏதாவது பேசினாராம்மா?”

அவள் ஒரு கோப்பையை எடுத்துக் கரைசலில் முக்கினாள். வழியும்வரை பிடித்திருந்தாள்.

“பேசினாரு சார். லோடு போயிடுச்சான்னாரு. போயிடுச்சுப்பான்னேன்.”